உமியில் ஆறிய மணிகள்

தம்பி, வருகிற திங்கட்கிழமை உன் பர்னரையும் கண்ணாடிக் குச்சிகளையும் மூட்டை கட்டிக்கொண்டு வெள்ளிமலைக்குக் குடிபோகிறாய். போவதற்குள் உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். நேரில் சொன்னால் "சரிம்மா" என்பாய். அந்தச் "சரிம்மா"வுக்குப் பிறகு பேச எனக்கு எதுவும் வராது. கல்லூரியில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் இயற்பியல் நடத்துகிறவள் வீட்டில் நான்கு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டாள் என்று உன் அப்பா கேலி செய்வது உண்மைதான். அதனால் எழுதுகிறேன். பலரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. உன் மணியைக் குழந்தையின் கையில் கட்டியிருக்கிற எல்லோரையும் எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர் கண்ணிலாவது இது படட்டும்.

எனக்குப் பயம் புதிதல்ல. நீ கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, யாரோ ஒரு பெண் சுடரில் கண்ணாடியை உருக்கி மணி செய்வதைப் போனில் பார்த்துவிட்டு, என் ஆய்வகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய பர்னரைக் கேட்டு வாங்கிப்போனாய். உடைந்த வளையலையும் சோடா பாட்டிலையும் சேர்த்து உருக்கினாய். சூட்டில் ஒட்டிக்கொண்ட இரண்டும் ஆறும்போது டிக்கென்று தெறித்துப் பிரிந்தன. ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு அளவில் சுருங்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்ததை நீ காதில் வாங்கியது அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான். பிறகு ஒழுங்கான கண்ணாடிக் குச்சிகளைத் தபாலில் வரவழைத்தாய். கொரோனா சமயத்தில் யாரோ வாங்கிவிட்டுப் பிறகு வேண்டாமென்று விற்க வந்த ஆக்சிஜன் மெஷினை, அப்பா தன் மருந்துக்கடை வழியாக உனக்குப் பிடித்துக் கொடுத்தார். யாருடைய கட்டிலருகிலோ ஓடிய மெஷின், நம் பின்பக்க அறையில் சமையல் கேஸோடு சேர்ந்து நீலச் சுடராகச் சீறியது. கண்ணாடி ஒட்டிக்கொள்ளாமலிருக்க மண்குழம்பில் தோய்த்த இரும்புக் கம்பியைச் சுழற்றிக்கொண்டே, அதன்மேல் உருகிய கண்ணாடியைத் தேன் போல நீ சுற்றுவதைப் பார்க்க அப்பா கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுவார். நான் பார்த்ததெல்லாம் நிறுத்திவைத்த ஃபேனையும் சாத்திய ஜன்னலையும்தான். காற்றுப் பட்டால் சுடர் ஆடும், மணி விரிசல் விட்டுவிடும் என்பாய். புகையை வெளியே இழுக்கும் விசிறியை மாட்டும்வரைக்கும் அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். எனக்கு வேறு இடம் இல்லை என்று நீ நினைத்திருப்பாய். உனக்குத் தலை சுற்றினால் அதை முதலில் பார்ப்பது நானாக இருக்கவேண்டும் என்பதுதான் விஷயம்.

உன் மணிகள் இவ்வளவு தூரம் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மணி என்றால் கோத்துப் போட்டுக்கொள்வதற்கு என்று நினைத்திருந்தேன். கழுத்தில் போடாமல், கோக்காமல், ஒன்றிரண்டாக வாங்கி வெல்வெட் விரித்த தட்டில் வைத்துப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே உன்னால்தான் எனக்குத் தெரிந்தது. திருக்கோவிலூரில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் பஸ் ஏறி வந்து, லென்ஸை வைத்து ஒவ்வொரு மணியின் துளை ஓரத்தையும் பார்த்துவிட்டு, மூன்றே மூன்றை எடுத்துக்கொண்டு போனார். சென்னையிலும் புனேயிலும் இருக்கும் பெண்கள் போன் குழுக்களில் உன் மணிக்குத் தங்கள் மணியை மாற்றிக்கொள்கிறார்கள். நீ ஆரம்பித்தபோது சந்தேகம் கேட்கக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை. இன்று கள்ளக்குறிச்சியிலேயே இன்னும் இரண்டு வீடுகளில் பர்னர் எரிகிறது. இதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கூட்டம் சேரும் இடத்தில் கதையும் சேர்ந்துவிடுகிறது. உன் மணிகள் அரிக்கமேட்டு மரபில் வந்தவை என்று யாரோ எழுதினார்கள், நீயும் அதை உன் இணையப் பக்கத்தில் போட்டுக்கொண்டாய். அங்கே அகழாய்வில் கிடைத்தவை பெரும்பாலும் கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிச் செய்தவை, நீ செய்வது சுடரில் சுற்றுவது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். ஆனாலும் மறுநாள் அந்த வரி அங்கே இல்லை. உன்னைப் பற்றிக் கவலைப்படும்போதெல்லாம் நான் அதை நினைத்துக்கொள்வேன். கௌரியின் குழந்தைக்கு நடந்ததற்குப் பிறகு அதை நினைத்தும் எனக்குத் தைரியம் வரவில்லை.

கௌரி எங்கள் ஆய்வக உதவியாளர். வெள்ளிமலைக்காரி. பிரசவத்துக்கு ஊருக்குப் போனவள் பையன் பிறந்த சந்தோஷத்தில் உனக்குத்தான் முதலில் போன் செய்தாள். கைக்குழந்தைக்கு வசம்பும் கருமணியும் கோத்துக் கட்டுவார்களே, அந்தக் கருமணியைத் தம்பிதான் செய்து தரவேண்டும் என்றாள். அவள் பையனோடு சேர்த்து, அவர்கள் சொந்தத்தில் இருந்த மற்றக் கைக்குழந்தைகளுக்கும் கேட்டாள். பேர் வைக்கும் நாளுக்குள் வேண்டும். நீ செய்ய உட்கார்ந்த அன்று மாதாந்திர மின்தடை. பேப்பரில் வந்திருந்தது, நீ பார்க்கவில்லை. மணிகள் மெல்ல ஆறுவதற்காக உலையில் இருக்கும்போது கரன்ட் போய்விட்டது. அந்தச் சின்ன மின் உலையை நம் இன்வெர்ட்டர் தாங்காது. நீ பதறவில்லை. ரைஸ்மில்லில் இருந்து வாங்கி வைத்திருந்த உமியைச் சட்டியில் சூடாக்கி, மணிகளை அதற்குள் புதைத்துவிட்டாய். சூட்டை உமி வெளியே விடாது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், உனக்கும் தெரிந்திருந்தது. மாலையில் உமியைத் தட்டி எடுத்தபோது எல்லாம் முழுசாக, கருகருவென்று மின்னிக்கொண்டிருந்தன. கரன்டும் வந்துவிட்டிருந்தது. திரும்ப ஒருமுறை உலையில் ஏற்றி, நின்று சூடாக்கி, மெல்ல இறக்கியிருந்தால் போதும். கௌரியின் கணவன் முருகேசன் வண்டியோடு வாசலில் நின்றான். மறுநாள் விழா. நீ எண்ணெய் தடவித் துடைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டாய்.

உமி மெல்ல ஆறவைக்கும், ஆனால் உள்ளே பிடித்துக்கொண்ட இறுக்கத்தை எடுக்காது. மேல்தோல் முதலில் இறுகி, உள்ளிருப்பது பிறகு சுருங்கும்போது, ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டே கண்ணாடி கெட்டிப்படும். அந்த இழுப்பு வெளியே தெரியாது. மணி ஒரு வாரம் முழுசாக இருக்கும், ஒரு மாதம்கூட இருக்கும். வெந்நீரில் குளிப்பாட்டினாலோ, சுவரில் லேசாகத் தட்டினாலோ தெறித்துவிடும். உனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. நான் அஞ்சுவது அதனால்தான்.

கௌரி போன் செய்தபோது நான் வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்தேன். "மேடம், பயப்படாதீங்க. தம்பி குடுத்த மணி கையிலயே ஒடஞ்சிபோச்சி. ஒரு பக்கம் பேந்துகிச்சி. அந்தச் சில்லக் காணோம்" என்றாள். குழந்தை எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "சிரிச்சிக்கினுதான் இருக்கான் மேடம். அதான் பயமா இருக்குது. எப்பவும் கைய வாயிலதான வெச்சிக்கினு இருப்பான்."

முருகேசன் கௌரியையும் குழந்தையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி வந்தான். ஆஸ்பத்திரியில் நான் கௌரியின் பக்கத்தில் நின்றேன். நீ வெளியே பைக்கருகில் நின்றாய், உள்ளே வரவில்லை. படம் எடுத்துப் பார்த்த டாக்டர் வயிற்றில் எதுவும் தெரியவில்லை, வாந்தி எடுத்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே கொண்டுவாருங்கள் என்றார். அந்த "உடனே"க்கும் வெள்ளிமலைக்கும் நடுவே எத்தனை வளைவு இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் தூளிச் சேலையை அலசும்போது மடிப்பிலிருந்து அந்தச் சில்லு விழுந்தது என்று கௌரி போன் செய்தாள். நகக்கண் அளவுதான். ஓரம் பிளேடு மாதிரி இருந்தது என்றாள். நீ அப்போது சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாய். இனி நீ பார்த்துக்கொள்வாய் என்று நான் நம்பினேன்.

ஆனால் இரண்டு நாள் கழித்து முருகேசன் வாழைத்தாரோடு வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் உன் கையைப் பிடித்துக்கொண்டான். "பேர் வெச்ச அன்னிக்கி எத்தினி கண்ணு, தம்பி. எம்புள்ளைக்கி வரவேண்டியத ஒம்மணி வாங்கிக்கிச்சி. இல்லன்னா அது எதுக்கு ஒடையணும்?" என்றான். உடைந்த மணியைப் படமெடுத்துப் போனில் எல்லோருக்கும் காட்டியிருந்தான். அதன் பிறகு வந்த அழைப்புகளை நானே கேட்டேன். கச்சிராயபாளையம், சங்கராபுரம், மலைமேல் ஊர்கள். எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: கண்ணு பட்டால் உடைகிற மணி. சேகரிப்பவர்களும் விட்டுவைக்கவில்லை. சென்னையிலிருந்து ஒரு பெண் அந்த உடைந்த மணியையே, சில்லோடு சேர்த்து, தன் தட்டுக்கு விலைக்குக் கேட்டாள்.

அவனிடம் உண்மையைச் சொன்னாயா என்று கேட்டேன். "சொன்னா மட்டும் நம்புவாங்களாம்மா? அவங்க சந்தோஷமா இருக்காங்க, நான் ஏன் கெடுக்கணும்" என்றாய். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "இனிமே கரன்ட் போற அன்னிக்கிதான் மணி செய்யணும் போல" என்றாய். அப்பாவும் சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் கேஸ் கசிந்தால் வாசனை வரும், சுடர் பட்டால் தோல் கொப்புளிக்கும். தவறாகச் செய்த ஒன்றுக்கு ஊரே கும்பிட்டுக்கொண்டு வந்து நின்றால், அது தவறு என்று உனக்குச் சொல்ல எது இருக்கிறது?

அதனால்தான் மறுநாள் ஆய்வகத்திலிருந்து ஒளியை வடிகட்டும் இரண்டு தகடுகளைக் கொண்டுவந்தேன். கருமணிக்குள் வெளிச்சம் புகாது, அதே நாளில் அதே உமியில் ஆறிய தேன்நிற மணி ஒன்று உன் டப்பாவில் இருந்தது. அதைக் கடலை எண்ணெய் ஊற்றிய கண்ணாடித் தம்ளரில் போட்டு, தம்ளருக்கு இந்தப் பக்கம் ஒரு தகடு, அந்தப் பக்கம் ஒரு தகடு. தகடுகளைக் குறுக்காகத் திருப்பியதும் எல்லாம் இருட்டாயிற்று. இருட்டுக்குள் மணி மட்டும் வெள்ளை வெளேரென்று எரிந்தது. உள்ளே இறுக்கம் இருக்கும் கண்ணாடிதான் அப்படி ஒளிரும். உலையில் முறையாக ஆறிய மணியைப் போட்டபோது இருட்டு இருட்டாகவே இருந்தது. நீ தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். உன் கண்ணாலேயே பார்த்துவிட்டாய், தம்பி. இனித் தெரியாது என்று நீ சொல்ல முடியாது.

உன் அப்பா உன்னோடு சேர்ந்து சிரித்ததற்காக அவரைத் தப்பாக நினைக்காதே. அவர் எப்படிப்பட்டவர் என்று உனக்கு ஒன்று சொல்கிறேன், அவர் சொல்லமாட்டார். நீ ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது, கடையில் கூட்ட நேரத்தில், காய்ச்சல் கண்ட ஒரு குழந்தைக்குப் பெரியவர்களுக்கான மருந்துப் பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிட்டார். அந்த ஆள் போன பிறகுதான் அலமாரியைப் பார்த்துக் கண்டுபிடித்தார். ஆளின் பேர் தெரியாது. களமருதூர் என்று மட்டும் பேச்சில் வந்திருந்தது. ஷட்டரை இழுத்துவிட்டு, வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய், எந்த வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தெருத்தெருவாகக் கேட்டிருக்கிறார். கணக்கெடுப்புக்கு வந்தவர் என்று நினைத்து ஒரு வீட்டில் ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார்களாம். கடைசியில் ஒரு வீட்டில் பாட்டில் மூடியே திறக்காமல் இருந்தது. குழந்தையின் தகப்பன் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டான். அப்பா பாட்டிலை வாங்கிக்கொண்டு, சரியானதைக் கொடுத்துவிட்டு, நின்று அவ்வளவு திட்டையும் கேட்டுக்கொண்டு வந்தார். வந்து என்னிடம் சொன்னது இதுதான்: "நல்லா திட்டினான். இப்பதான் நெஞ்சு லேசாச்சு."

உன்னை யாரும் திட்டவில்லை. அது உனக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம்.

மற்றக் குழந்தைகள் கையில் இருக்கும் மணிகளைத் திரும்ப வாங்க நீ போவாய் என்று காத்திருந்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை நானே வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். தோழி வீட்டுக்குப் போவதாக உன்னிடம் சொன்னேன். கௌரி நான் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டாள், பையன் கையில் மிச்சமிருந்த கயிற்றை அறுத்து என் கையில் கொடுத்தாள். நம்பினாளா, மேடம் சொல்கிறாரே என்று கொடுத்தாளா, தெரியவில்லை. பிறகு மற்ற வீடுகளுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஓரிரு வீடுகளில் குழந்தையோடு வெளியூர் போயிருந்தார்கள். ஒரு வீட்டில் கொடுத்தார்கள். கடைசியாகப் போனது அவள் நாத்தனார் வீடு. அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. நான் கண்ணாடி, சூடு, இறுக்கம் என்று சொல்லச் சொல்ல, குழந்தையின் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஒடஞ்சாதான மேடம் நல்லது? ஒடையாத மணிய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றாள். சில்லு வாய்க்குள் போனால் என்னாகும் என்றேன். அண்ணன் பிள்ளைக்குப் போகவில்லையே என்றாள். கௌரி அதட்டினாள். அதற்கு அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "கட்டுன கயித்த கண்டவங்க கையில அவுத்துக் குடுக்கக் கூடாது அண்ணி" என்றவள், சட்டென்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "உங்களச் சொல்லல மேடம். செஞ்ச தம்பிய வரச் சொல்லுங்க. அது வந்து கேட்டா அவுத்துக் குடுக்கறேன்" என்றாள்.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? குழந்தையின் கையிலிருந்து பிடுங்குவதா? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது முந்தானை விலகியிருந்தது. அந்தப் பெண்குழந்தை அவள் தோளில் சாய்ந்துகொண்டு, மணிக்கட்டோடு கையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே என்னைப் பார்த்தது. இறங்கி வரும் வழி முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி, கொண்டைஊசி வளைவு எனக்குப் பழக்கமில்லை என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

வெள்ளிமலைக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. இங்கே கோடையில் ஃபேன் இல்லாமல் சுடர்முன் உட்கார முடியாது என்பது சரிதான். நீ வேலை செய்ய முருகேசன் தரும் ஷெட்டை நானும் பார்த்துவிட்டு வந்தேன், காற்றோட்டம் பரவாயில்லை. அங்கே கற்றுக்கொள்ள வரப்போகிற பெண்களுக்கு நல்ல தொழிலாகவும் அமையலாம். ஆனால் குளிருகிறது என்று ஜன்னலைச் சாத்தாதே. சிலிண்டரை ஷெட்டுக்கு வெளியே வை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடரைப் பார்க்காதே. இதெல்லாம் உனக்குத் தெரியும், என் பயத்துக்காகச் சொல்கிறேன்.

தெரியாதது ஒன்று இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த முதல் நாள் பர்னரைப் பொருத்தாதே. மூட்டையை வைத்துவிட்டு முதலில் அந்த நாத்தனார் வீட்டுக்குப் போ, பிறகு நான் பார்க்க முடியாமல் வந்த வீடுகளுக்குப் போ. உட்கார். கொடுக்கிற டீயைக் குடி. உமியில் ஆறவைத்தேன், திரும்ப உலையில் வைத்திருக்கவேண்டும், அவசரத்தில் வைக்கவில்லை, அதனால்தான் உடைந்தது, என் தப்பு என்று சொல். அவர்கள் தலையாட்டிவிட்டுக் கண்ணுதான் என்பார்கள். வாதாடாதே. ஒருவருடைய நம்பிக்கையை மாற்றும் வேலை உனக்கு வேண்டாம், எனக்கே அது முடியவில்லை. கயிற்றை மட்டும் அவிழ்த்து வாங்கு. கை மூளியாக இருக்கக் கூடாது என்றால் வெறும் கருப்புக் கயிற்றைக் கட்டிவிடு. கைக்குழந்தையின் வாய்க்கு எட்டும் இடத்தில் கண்ணாடியே வேண்டாம், எவ்வளவு நன்றாக ஆறியிருந்தாலும்.

அதற்குப் பிறகு அவர்கள் கேட்பார்கள். அதே மாதிரி உடைகிற மணியாக இன்னொன்று செய்து கொடு தம்பி என்று, அன்போடு, உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். உனக்கு யார் முகத்தையும் வாடவைக்கத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்போது நீ ஒரு கணம் பேசாமல் இருப்பாய். இத்தனை வருடமாகச் சுடருக்கும் கேஸுக்கும் நான் பயந்ததெல்லாம் அந்த ஒரு கணத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இல்லை என்று சொல். திட்டினால் நின்று கேட்டுக்கொள். பிறகு ஷெட்டுக்குப் போவதற்கு முன்னால், வழியில் எங்கே சிக்னல் கிடைக்கிறதோ அங்கே நின்று எனக்குப் போன் செய். கயிறெல்லாம் வாங்கியாயிற்று என்று ஒரு வார்த்தை போதும். அதுவரைக்கும் மலையிலிருந்து வரும் எந்த அழைப்பையும், அது உன்னுடையதாகவே இருந்தாலும், நான் பயந்துகொண்டேதான் எடுப்பேன்.

அம்மா